ஆறு பென்ஸ் புத்தகம்

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல இனப்பெருக்கம்னு ஒரு பாடம் இருக்கும். எங்க பள்ளியில அந்தப் பாடம் வந்தப்ப, பூவோட பாகங்களை டீச்சர் கரும்பலகையில கலர் சாக்பீஸ்ல வரைஞ்சு அழகா நடத்தினாங்க. மகரந்தச் சேர்க்கை முடிஞ்சுது. அப்புறம் புத்தகத்தை மூடிட்டு, மிச்சத்தை வீட்டுல படிச்சுக்கச் சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. பதினொண்ணாம் வகுப்புல நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஆக, உடம்பைப் பத்தி நான் வகுப்பறையில கடைசியாக் கத்துக்கிட்டது செம்பருத்திப் பூவோட நின்னு போச்சு. நம்ம காலேஜ்ல நிறைய பேருக்கு இதே கதைதான் இருக்கும்.

இது ஏன் இப்போ ஞாபகம் வருதுன்னா, போன பொங்கலுக்கு என் பெரியம்மா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. பொன்னேரிப் பக்கம் வீடு. டிப்ளமோ முடிச்சு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் வேலை பார்த்தவ. 22 வயசுல கல்யாணம் ஆச்சு. எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கணும், முதல்ல எந்தக் கோயிலுக்குப் போகணும், தாலியில எத்தனை நாள் கழிச்சு என்ன கோக்கணும்னு எல்லாரும் எல்லாத்தையும் சொன்னாங்களாம். ஒண்ணே ஒண்ணை மட்டும் யாரும் சொல்லலையாம். தனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு ஆறு மாசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்னு மொட்டை மாடியில வடகம் காய வச்சுக்கிட்டே சாதாரணமாச் சொன்னா. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல.

அந்த வாரம் நான் நம்ம இதழோட வாழ்க்கை வரலாறு பக்கத்துக்காக அன்னி பெசன்ட்டோட சுயசரிதையைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஹோம் ரூல் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தந்துடலாம்ங்கிறதுதான் திட்டம். நமக்கெல்லாம் அவங்க ஒரு மார்க் கேள்விதானே: தன்னாட்சி இயக்கம், 1916, அடையாறு. ஆனா அந்தப் புத்தகத்தோட நடுவுல ஒரு பக்கத்துல, சுமார் 130 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்துக்கிட்டு, என் அக்கா சொன்னதையே அவங்க சொல்லியிருந்தாங்க. ஹோம் ரூல் கட்டுரை அதோட போச்சு. இது வேற கட்டுரை.

அன்னி வுட் 1847 அக்டோபர் 1 அன்று லண்டனில் பிறந்தார். ஐரிஷ் வேர் கொண்ட குடும்பம். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். ஹாரோ பள்ளி மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு விடுதி நடத்தித்தான் அம்மா பிழைப்பை ஓட்டினார். பெண்ணை எலன் மேரியட் என்ற ஒரு அம்மாளிடம் வளர்க்கவும் படிக்கவும் அனுப்பி வைத்தார். நல்ல ஆசிரியை. அதே அளவுக்குத் தீவிரமான கிறிஸ்தவ பக்தி. அந்த வீட்டில் வேதாகமம், பிரசங்கம், ஏழைகளுக்கு உதவி, இதுதான் உலகம். பதினாறு பதினேழு வயதில் அன்னிக்கு பக்தி இன்னும் முற்றியது. ஆதித் திருச்சபைப் பிதாக்களின் நூல்களைப் படித்தார், உபவாசம் இருந்தார், தன்னைத் தானே அடித்துக்கொண்டுகூடப் பார்த்திருக்கிறார். அந்த வயசுப் பெண்கள் ரகசியமா காதல் கதை படிச்ச காலத்தில் இவர் படித்தது முழுக்க வேதசாட்சிகளின் கதை. கனவில்கூட வந்தது கிறிஸ்துதான், எந்தப் பையனும் இல்லை.

ஃப்ராங்க் பெசன்ட் என்ற இளம் பாதிரியார் அறிமுகமானது 1866இல். சேர்ந்து சில நாள் நடக்கப் போனார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவர் திருமணம் பற்றிக் கேட்டார், இவள் சம்மதிப்பாள் என்று எடுத்துக்கொண்டே கேட்டார். அன்னி திகைத்துப் போய் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. நம்ம ஊர்ல பொண்ணு தலையைக் குனிஞ்சா சம்மதம்னு எழுதிக்குவாங்களே, அதே மாதிரி. பிறகு பின்வாங்கப் பார்த்தார், வீட்டில் விடவில்லை. அவருக்கே ஒரு சமாதானமும் இருந்தது. பாதிரியார் என்பவர் கடவுளுக்கு மிக அருகில் இருப்பவர், அவருக்கு மனைவியானால் சபைக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்யலாம். அந்த நம்பிக்கையில் 1867 டிசம்பரில், 20 வயதில், கழுத்தை நீட்டினார்.

சுயசரிதையில் நான் நின்றுபோன பக்கம் இந்த இடத்தில்தான் வருகிறது. திருமணத்தில் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் குழந்தைக்குத் தெரிந்த அளவுகூடத் தனக்குத் தெரியாது என்று எழுதுகிறார். அம்மா அவரை அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறார். அது அம்மாவின் அன்பு. அதையும் அன்னி மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணை ஒன்றும் தெரியாமல் வளர்த்து, தாய் மடி இல்லாத ஒரு புது வீட்டில், முதல் முறையாக, தனியாக அதைச் சந்திக்கவிடுவதைவிடப் பெரிய தவறு இல்லை என்பது அவர் கருத்து. மகிழ்ச்சியில்லாத எத்தனையோ திருமணங்களின் ஆரம்பம் இந்த முதல் அதிர்ச்சிதான் என்கிறார். இதை எழுதியபோது அவருக்கு 45 வயது இருக்கும். அப்பவும் அந்த எழுத்துல ஒரு நடுக்கம் தெரியுது.

1869இல் மகன் டிக்பி, 1870இல் மகள் மேபல். இதோடு போதும் என்று அன்னி நினைத்தார். கணவர் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் சண்டை, அடி. சின்னக் கதைகள் எழுதி ஒரு பத்திரிகையில் 30 ஷில்லிங் சம்பாதித்தார். அன்றைய சட்டப்படி மனைவி சம்பாதித்த பணம் கணவனுடையது என்பது அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. 1871இல் குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல். வாரக்கணக்கில் அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடவுள் எப்படிக் கருணை உள்ளவராக இருக்க முடியும் என்ற கேள்வி வந்தது. கேள்வி நிற்கவில்லை. லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்தில் கணவர் பாதிரியார். அந்தக் கோயிலில் பாதிரியாரின் மனைவியே திருவிருந்து எடுக்காமல் எழுந்து வெளியே போனால் ஊர் சும்மா இருக்குமா? 1873இல் கணவர் முடிவாகச் சொன்னார்: திருவிருந்து எடு, இல்லையென்றால் வீட்டை விட்டுப் போ. அன்னி கிளம்பிவிட்டார். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று ஏற்பாடு.

லண்டனில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகத் தலைவரைச் சந்தித்தது 1874இல். அவருடைய பத்திரிகையில் எழுத ஆரம்பித்து, ரெண்டே வருஷத்தில் இங்கிலாந்து முழுக்கப் பேர் தெரிந்த பேச்சாளர் ஆகிவிட்டார். இதை வேகமாத் தாண்டிடுறேன், ஏன்னா 1877க்கு வரணும்.

சார்லஸ் நோல்டன் என்று ஓர் அமெரிக்க டாக்டர் 1832இல் கருத்தடை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதற்காக அங்கே மூன்று மாதம் கடுங்காவலும் அனுபவித்தார். அது இங்கிலாந்தில் நாற்பது வருடம் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. 1876இல் பிரிஸ்டலில் ஒரு புத்தகக் கடைக்காரர் அதில் சில படங்களைச் சேர்த்து விற்க, ஆபாச வழக்கில் மாட்டினார். அச்சுத் தகடுகளை வைத்திருந்த வெளியீட்டாளரும் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்னிக்கும் பிராட்லாவுக்கும் அது பொறுக்கவில்லை. புத்தகம் ரொம்ப நல்ல புத்தகம் என்பதால் இல்லை. உண்மையில் அது ஒரு சலிப்பான மருத்துவக் கையேடு. அதில் சொன்ன முக்கியமான வழி, உறவுக்குப் பிறகு மருந்து நீரால் கழுவுவது. அது வேலை செய்யாது என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். மாதத்தில் எந்த நாட்களில் கரு உண்டாகும் என்பதே 1920களில்தான் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் கண்டுபிடித்த பிறகு சரியாகத் தெரிந்தது. ஆக, தப்பும் சரியும் கலந்த புத்தகம். ஆனால் அதைப் படிக்கலாமா கூடாதா என்று போலீஸ் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இவர்களின் சண்டை.

இருவரும் ஒரு பதிப்பகம் தொடங்கி, குறிப்புகளைப் புதுப்பித்து, விலை ஆறு பென்ஸ் என்று போட்டார்கள். அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கில்டுஹால் நீதிமன்ற அலுவலகத்துக்கு ஒரு பிரதியைக் கொண்டு போய்க் கொடுத்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இதை விற்கப் போகிறோம் என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார்கள். 1877 மார்ச் 24. முதல் 20 நிமிடத்தில் 500 பிரதிகள். மூன்று மாதத்தில் ஒரு லட்சத்து 25 ஆயிரம்.

கைது, வழக்கு. ஜூன் 18 அன்று தலைமை நீதிபதி காக்பர்ன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. 29 வயதுப் பெண், வக்கீல் வைக்காமல், ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி முன்னால் தன் தரப்பைத் தானே பேசினார். பேசியது இரண்டு நாள். கருப்பை, கர்ப்பம், கருத்தடை என்ற சொற்களை ஒரு பெண் பொது இடத்தில் உச்சரிப்பது அன்றைய இங்கிலாந்தில் மிக அரிது. வருஷத்துக்கு ஒரு குழந்தை என்று பெற்றுப் பெற்று உருக்குலைந்த தாய்களைப் பற்றிப் பேசினார். ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கும் சேரிகளைப் பற்றிப் பேசினார். அரசு வக்கீலுக்கு உறுத்தியதில் முக்கியமானது விலை. டாக்டர்கள் படிக்கும் விலை உயர்ந்த நூல்களில் இதெல்லாம் இருக்கலாம், ஆறு பென்ஸுக்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் அது ஆபத்து. அறிவு ஆபாசமாவது அது ஏழைக்குக் கிடைக்கும்போதுதான் போல.

ஜூரியின் தீர்ப்பு ஒரு விசித்திரம்: புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வெளியிட்டவர்களுக்குக் கெட்ட நோக்கம் இல்லை. ஆளுக்கு ஆறு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம். மேல்முறையீட்டில், 1878இல், எந்தெந்தச் சொற்கள் ஆபாசம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதவில்லை என்ற காரணத்துக்காகத் தண்டனை ரத்தானது. அதாவது ஆபாசம்னு சொன்னவங்களுக்கு அந்த வார்த்தைகளை எழுதிக் காட்ட முடியல!

சிறையில் இருந்து தப்பியவர் இன்னொரு இடத்தில் தோற்றார். இந்த வழக்கைக் காட்டி, மேபலைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஃப்ராங்க் பெசன்ட் கேட்டார். தாய் நாத்திகம் பேசுகிறாள், இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறாள், இவளிடம் வளரும் பெண் குழந்தைக்கு நல்ல குடும்பத்தில் யார் பழகுவார்கள் என்ற ரீதியில் நீதிபதி ஜெசல் யோசித்தார். எட்டு வயதுகூட நிரம்பாத பெண்ணை வீட்டில் இருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அன்னி படுக்கையில் விழுந்துவிட்டார். டிக்பியும் மேபலும் பெரியவர்கள் ஆனதும் அம்மாவிடமே திரும்பி வந்தார்கள் என்பது பிற்பாடு.

அந்த 1877 நம்ம பக்கத்துக்கும் மறக்க முடியாத வருஷம். தாது வருஷப் பஞ்சம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. பஞ்ச நிவாரண வேலையாகத்தான் 1877-78இல் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்கள். அதே கால்வாய் வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியா நம்ம பக்கம் போகுது, ரயில்ல வர்றவங்க பார்த்திருப்பீங்க. மக்கள் தொகை பெருகினால் பஞ்சம் தானாகக் கணக்கைச் சரி செய்யும் என்ற மால்தூஸின் வாதத்தைச் சாக்காக வைத்து, கூலியையும் தானியத்தையும் குறைத்த அதிகாரிகள் அன்று இருந்தார்கள். அன்னி பெசன்ட்டும் மால்தூஸிடம் இருந்துதான் தொடங்கினார். ஆனால் ஏழைகள் தாமதமாகக் கல்யாணம் செய்யட்டும், இல்லாவிட்டால் சாகட்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. இளம் வயதிலேயே மணக்கலாம், எத்தனை குழந்தை என்பதை மட்டும் அறிவோடு முடிவு செய்யலாம் என்றார். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் விபச்சாரமும் நோயும்தான் பெருகும் என்பது அவர் வாதம். நோல்டனின் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, இதையெல்லாம் சேர்த்து மக்கள் தொகை விதி என்ற சொந்த நூலை 1877 முடிவிலேயே எழுதினார். நகரச் சேரிகளிலும் கிராமக் குடிசைகளிலும் வாழும் ஏழைகளுக்கு அதை சமர்ப்பணம் செய்தார். அதற்கும் விலை ஆறு பென்ஸ். 1891 வரை ஒரு லட்சத்து 75 ஆயிரம் பிரதிகள் போனது.

இந்தக் காற்று சென்னைக்கும் வந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. சென்னை இலௌகிக சங்கம் என்ற நாத்திக அமைப்பு 1878 முதல் இயங்கியது. 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியது. பிராட்லாவும் பெசன்ட்டும் அவர்களுக்கு ஆதர்சம். பெரியார் பிறந்தது 1879இல்தான் என்பதை நினைச்சுப் பாருங்க.

அடுத்த பத்து வருடத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார், பட்டம் முடிக்கவில்லை. 1883இல் தாவரவியல் செய்முறை வகுப்புக்கு யூனிவர்சிட்டி காலேஜ் இவரைச் சேர்க்க மறுத்தது. சோஷலிஸ்ட் ஆனார். 1888இல் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்களைப் பற்றி எழுதினார். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை, பேசினால் அபராதம், பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பே அழுகும் நோய். அந்த ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள், ஜெயித்தார்கள். காலையில நம்ம காலேஜ் பஸ்ஸுக்கு முன்னால சிப்காட் பக்கம் திரும்புற கம்பெனி பஸ்கள்ல ஜன்னலோரம் தூங்கிக்கிட்டே போற பொண்ணுங்களைப் பார்க்கும்போது அந்தக் கட்டுரை ஞாபகம் வரும். அவங்கள்ல ஒருத்தியாத்தான் எங்க அக்காவும் இருந்தா.

1889இல் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். மேடம் பிளவாட்ஸ்கியின் பெரிய நூல் ஒன்று மதிப்புரைக்கு வந்தது. படித்தவர், எழுதியவரைத் தேடிப் போய்ச் சந்தித்து, பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார். பழைய நண்பர்கள் நொந்துபோனார்கள். 1891இல் பிளவாட்ஸ்கி இறந்தார். அதே வருஷம் அன்னி பெசன்ட் மக்கள் தொகை விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி அச்சிடவும் இல்லை, அதன் உரிமையை வேறு யாருக்கும் விற்கவும் மறுத்துவிட்டார்.

எந்தப் புத்தகத்துக்காக? மகளை இழந்து, ஜெயில் வாசல் வரை போய் நிலைநாட்டின கொள்கையோட புத்தகத்துக்காக. அவர் சொன்ன காரணம் இதுதான். மனிதன் வெறும் உடல் என்று நம்பியவரை கருத்தடை சரியான பதிலாக இருந்தது. மனிதன் பல பிறவி எடுக்கும் ஆன்மா என்றால், இச்சையைத் தீர்த்துக்கொண்டு அதன் விளைவை மட்டும் தடுப்பது அவனை இன்னும் கீழே இழுக்கும். தம்பதிகள் பழக வேண்டியது கட்டுப்பாடு. நாற்பது வருஷம் கழித்து காந்தி மார்கரெட் சாங்கரிடம் வாதாடியதும் ஏறக்குறைய இதே திசையில்தான். அன்னிக்கு இந்த முடிவு சுலபமாக இல்லை. புத்தகத்தை நம்பியிருந்த ஏழைத் தாய்மார்களின் முகம் அவர் கண்ணில் நின்றது என்பதை அவரே எழுதியிருக்கிறார். என் கணக்கில் இது அவர் செய்த பெரிய தவறு. நம்பிக்கை மாறினால் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் கையில் இருந்து புத்தகத்தை ஏன் பிடுங்க வேண்டும்?

ஆனா ஒரு தேதியைக் கவனிச்சப்ப நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். புத்தகத்தைத் திரும்பப் பெற்றது 1891. சுயசரிதை வந்தது 1893. பெண்ணை ஒன்றும் தெரியாமல் மணவறைக்கு அனுப்பாதீர்கள் என்று அவர் எழுதியது ரெண்டு வருஷம் கழித்து, முழு ஆன்மிகவாதியாக, பிரம்மச்சரியத்தைப் போற்றிய பிறகு. கருத்தடை விஷயத்தில் நம்பிக்கை அவரை நேர் எதிர்ப்பக்கம் கொண்டு போனது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற இடத்தில் மட்டும் அவரை அசைக்கவில்லை. எங்க ஹாஸ்டல்ல ராத்திரி இதைப் பத்தி வாக்குவாதம் வந்தா ரெண்டு கட்சிதான் இருக்கும். சாமி கும்பிடுறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, தொழுகுறவங்க எல்லாம் இதெல்லாம் பேசவே கூடாதும்பாங்க. நம்பாதவங்க, பேசினா என்ன தப்பும்பாங்க. அன்னி பெசன்ட் ரெண்டு கட்சியிலயும் இருந்தவங்க. ரெண்டு கட்சியிலயும் இருந்துக்கிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்குச் சொல்லுங்கன்னு மட்டும் மாத்தாமச் சொன்னவங்க. அப்போ நம்ம வீடுகள்ல இருக்கிற அந்த மௌனத்துக்கு பக்திதான் காரணமா, இல்ல பக்தி மேல பழியைப் போட்டுட்டு வெட்கம் ஒளிஞ்சுக்குதா?

1893 நவம்பர் 16 அன்று கொழும்பில் இருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கினார். தத்துவ விவேசினி நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. கூட்டம் கூட்டமாக வந்து மாலை போட்டவர்கள், அவரை நாத்திகத்துக்காகப் பிடித்தவர்கள் இல்லை. இந்து மதத்தைப் புகழ்ந்த வெள்ளைக்கார அம்மாளாகப் பார்த்தவர்கள். ஆரம்பத்தில் அவரும் சாதிக்குச் சமாதானம் சொன்னார். அந்தப் பேச்சுகளைப் படிக்க எரிச்சலா இருக்கு. 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி தொடங்கினார். 1907இல் சபையின் தலைவர். 1913 வாக்கில் தொனி மாறி, சென்னையில் தொடர் சொற்பொழிவுகளில் குழந்தைத் திருமணத்தைத் தாக்கினார்.

இதே காலத்தில்தான் அவர் வாழ்க்கையின் இருட்டான பக்கமும் வருகிறது. சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர், தன்னிடம் இருந்த பையன்களுக்குச் சுய இன்பம் பற்றித் தனியாக அறிவுரை சொன்னார் என்று 1906இல் அமெரிக்கப் பெற்றோர்கள் புகார் கொடுத்தார்கள். லெட்பீட்டர் விலகினார். அன்னி முதலில் கண்டித்தார். தலைவரான பிறகு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். 1909இல் அடையாறு கடற்கரையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற பையனை உலககுரு என்று லெட்பீட்டர் கண்டெடுத்ததும், பையனின் தந்தை நாராயணய்யா பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு 1912இல் வழக்குப் போட்டதும் தெரிந்த கதை. மறுபடியும் வக்கீல் இல்லாமல் அன்னியே வாதாடினார். லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, பையன்களைப் பார்த்துக்கொள்ள அவர் தகுதியற்றவர் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல் சொல்லி, பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அது மாறியது. பையன்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பது அங்கே ஒரு முக்கியக் காரணம்.

மகளைப் பறிகொடுத்த அதே பெண், 34 வருஷம் கழித்து இன்னொருவரின் பிள்ளைகளுக்காக எதிர்ப்பக்கத்தில் நின்றார். ஆனால் இதில் எனக்கு உறுத்துவது வேறு. 1877இல் அவர் செய்தது எப்படி? தேதி, நேரம், இடம் எழுதிக் கொடுத்து, அச்சில், விலை போட்டு, யார் வேண்டுமானாலும் தப்பு கண்டுபிடிக்கலாம் என்று வெளிச்சத்தில் வைத்தார். லெட்பீட்டர் செய்தது ஒரு பெரியவர், சின்னப் பையன்கள், மூடின கதவு, பெற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பாலியல் கல்வி என்று ஒரே பெயர் வைக்க முடியாது. வித்தியாசம் மற்றவர்களைவிட அன்னி பெசன்ட்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குரு மீது இருந்த பக்தி அந்த இடத்தில் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

ஹோம் ரூல், 1917இல் ஊட்டியில் சிறைவைப்பு, அந்த டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் தலைமை. இதெல்லாம் உங்க பத்தாம் வகுப்பு புத்தகத்துலயே இருக்கு, விட்டுடலாம். அதே 1917இல் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் இந்திய மாதர் சங்கம் உருவானது. அன்னி முதல் தலைவர். பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சங்கத்தில் இருந்து சட்டமன்றம் போனார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய 1929ஆம் ஆண்டு சாரதா சட்டத்துக்கு அந்தச் சங்கம் ஊர் ஊராக ஆதரவு திரட்டியது.

1933 செப்டம்பர் 20 அன்று 85 வயதில் அடையாற்றிலேயே இறந்தார். அவர் திரும்பப் பெற்ற விஷயம் அதற்குள் அவர் இல்லாமலே நடக்கத் தொடங்கிவிட்டது. 1920களின் கடைசியில் சென்னையிலேயே ஒரு நவ மால்தூசியர் சங்கம் ஆரம்பித்து, கருத்தடை பற்றித் தனிப் பத்திரிகையும் போட்டது. பம்பாயில் கணிதப் பேராசிரியர் ஆர்.டி. கார்வே இதற்காகவே கல்லூரி வேலையை இழந்து, 1927 முதல் மராத்தியில் ஒரு மாத இதழ் நடத்தினார். 1930இல் மைசூர் அரசு கருத்தடை மருத்துவமனையே திறந்தது. குடி அரசில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார், அதுவும் பெண்ணின் விடுதலைக்காக என்று. இவர்கள் யாரும் அடையாற்றின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

சுயசரிதையும் சரி, மக்கள் தொகை விதியும் சரி, இன்னிக்கு இணையத்துல இலவசமாவே கிடைக்குது. அக்காவுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழ்ல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள், இதை நம்ம சித்தி பொண்ணுக்கும் அனுப்பு, அவளுக்கு தை மாசம் கல்யாணம்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அனுப்பிட்டேன்.

பின்குறிப்பு: இந்த மாசக் கடைசி சனிக்கிழமை ஒரு பெண் மருத்துவர் நம்ம செமினார் ஹாலுக்கு வர்றாங்க. பசங்களும் வரலாம், தனித்தனியா உட்கார வைக்க மாட்டோம்னு துறைத் தலைவர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கோம். பேர் போடாம கேள்வி எழுதிப் போட லைப்ரரி வாசல்ல ஒரு அட்டைப் பெட்டி வச்சிருக்கோம். முதல் நாள் மூணு சீட்டு விழுந்துச்சு. அதுல ஒண்ணு கேன்டீன் சாம்பார் பத்தி.